எட்டுப் பேர், ஒரு கீபோர்டு, ஒரு 555 புத்தகம்

மலேசியாவின் பட்டர்வொர்த்திலிருந்து வாசகர் ஒருவர் சட்ட ஆலோசனை கேட்டு ஏழு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவர் பெயர், குழுவின் பெயர், அவர் வசிக்கும் தாமான் பெயர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

வாசகருக்கு வயது 43. பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை, ஷிப்ட் முறை. தினமும் பாலம் தாண்டிப் போய் வருகிறார். 2017 தைப்பூசத்தில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் நண்பர்கள் போட்ட தண்ணீர்ப் பந்தலில் எட்டுப் பேர் சேர்ந்து பக்திப் பாடல் வாசித்தார்கள். "நல்லா இருக்கே, எங்க வீட்டுக் காதுகுத்துக்கும் வாங்களேன்" என்று ஒருவர் கூப்பிட்டார். அப்படியே ஒரு இசைக்குழு உருவாகிவிட்டது. கோயில் திருவிழா, பிறந்தநாள், கல்யாண விருந்து என்று மாதத்துக்கு இரண்டு நிகழ்ச்சி. ஒரு நிகழ்ச்சிக்கு 1,800 வெள்ளி (ரிங்கிட்). ஆளுக்கு 150 போக, வேனுக்கும் சாப்பாட்டுக்கும் 200 போக, மீதி 400 பொதுப் பணம். கீபோர்டு வாசிப்பதும் கணக்கு எழுதுவதும் வாசகர். எழுதுவது ஒரு 555 புத்தகத்தில், அதாவது சட்டைப் பையில் வைக்கும் சின்னக் குறிப்புப் புத்தகத்தில். சில பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். "பி.எம். (புக்கிட் மெர்தாஜாம்) கல்யாணம் 1800. ஆள் 8 x 150. வேன் 120. சாப்பாடு 80. மிச்சம் 400." எல்லாப் பக்கமும் இதே மாதிரி. ஒரு பக்கத்தில் மட்டும் ஓரத்தில் "பேட்டரி 12, நான் கொடுத்தது" என்று பென்சிலில்.

2019 கடைசியில் 6,000 வெள்ளிக்கு ஒரு கீபோர்டு வாங்கினார்கள். வாசகரின் கிரெடிட் கார்டில், மாதம் 250 வீதம் 24 தவணை. பொதுப் பணத்தில் கட்டுவதாகப் பேச்சு. மார்ச் 2020இல் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. கல்யாணமும் இல்லை, திருவிழாவும் இல்லை, பொதுப் பணமும் தீர்ந்தது. எட்டுத் தவணையை வாசகர் தன் சம்பளத்தில் கட்டினார். மற்ற 16 தவணையும் பொதுப் பணத்தில் போனது. பிறகு நிகழ்ச்சிகள் திரும்பி வந்தபோது, மிக்சரும் இரண்டு ஸ்பீக்கரும் பொதுப் பணத்தில் வாங்கினார்கள்.

சில வாரங்களுக்கு முன் புக்கிட் மெர்தாஜாமில் ஒரு கல்யாண விருந்து. வாசகர் இரவு ஷிப்ட் முடித்து, இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டு, மண்டபத்துக்குப் போயிருக்கிறார். பாடகிக்காக ட்ரான்ஸ்போஸில் (கீபோர்டின் சுருதியை ஏற்றி இறக்கும் வசதி) இரண்டு ஏற்றி வைத்திருந்ததை இறக்க மறந்து, அடுத்த பாட்டைத் தொடங்கிவிட்டார். பேஸ் கிட்டார்காரர் காதால் பிடித்து அதே சுருதிக்கு ஏறிக்கொண்டார். பாடகருக்குச் சரணத்தில் குரல் எட்டவில்லை. பாட்டு முடிந்ததும் பாடகர் மைக்கிலேயே, "கீபோர்டு அண்ணனுக்கு இன்னும் டூட்டி முடியல போல, தூக்கத்துலயே வாசிக்கிறாரு" என்றார். மண்டபம் சிரித்தது. அன்றைக்கு வாசகரின் மகளும் அங்கே இருந்தாள்.

அடுத்த வாரம் பாடகரும் ரிதம் பேட் வாசிப்பவரும் ஸ்டோர் அறையிலிருந்த மிக்சரையும் ஸ்பீக்கர்களையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பழைய பெயருக்கு முன்னால் "நியூ" சேர்த்துத் தனிக் குழு ஆரம்பித்துவிட்டார்கள். வாசகர் கேட்பது: திருட்டு என்று போலீஸில் புகார் செய்யலாமா? குழுவின் பெயரை அவர்கள் வைத்துக்கொள்ள முடியுமா? கீபோர்டு என் கார்டில் வாங்கியது, என் வீட்டில்தான் இருக்கிறது, என்னுடையதுதானே? இரண்டு கல்யாணங்களுக்குத் தலா 500 வெள்ளி முன்பணம் என் கணக்கில் வந்திருக்கிறது, அதற்கு யார் பொறுப்பு? கடைசியாக: "மனைவி போதும் நிறுத்துங்கள் என்கிறாள். நிறுத்திவிடவா?"

*

ஐயா, நானும் மூன்று வருடம் ஒரு குழுவில் தபேலா வாசித்தவன். எங்கள் குழு வேன் பெட்ரோல் காசில் உடைந்தது. எனவே மேலிருந்து உபதேசம் செய்யும் தகுதி எனக்குக் கிடையாது.

உங்கள் ஏழு பக்கத்தில் ஆறு பக்கத்துக்கு மேல் பணமும் சாமான்களும். மைக்கில் சொன்ன அந்த வாக்கியத்துக்கு நாலு வரிதான், அதிலும் இரண்டு வரியை அடித்துத் திருத்தியிருக்கிறீர்கள். அதற்கு நஷ்டஈடு தரும் சட்டம் எதுவும் எனக்குத் தெரியாது. அதைப் பிறகு பேசுவோம். முதலில், சட்டத்தால் பேச முடிந்தவை.

பதிவு இல்லாவிட்டாலும் பங்காளிகள்

"நாங்கள் எங்கேயும் பதிவு செய்யவில்லை, சும்மா நண்பர்கள், அதனால் சட்டம் எங்களுக்கு வராது" என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கேதான் முதல் தவறு. 1961ஆம் ஆண்டு கூட்டு வணிகச் சட்டம் பத்திரம் இருக்கிறதா, முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. லாப நோக்கத்தோடு சிலர் சேர்ந்து ஒரு தொழிலை நடத்தினால் அவர்கள் கூட்டாளிகள், அவ்வளவுதான். நீங்கள் கூலி பேசியிருக்கிறீர்கள், முன்பணம் வாங்கியிருக்கிறீர்கள், செலவு கழித்து மிச்சத்தைப் பொதுவில் போட்டிருக்கிறீர்கள், அந்தப் பொதுப் பணத்தில் சாமான் வாங்கியிருக்கிறீர்கள்.

எதிர்வாதமும் உண்டு. ஆளுக்கு 150 என்பது வெறும் கூலி, மற்றதெல்லாம் பொழுதுபோக்கு என்று ஒரு வழக்கறிஞர் வாதாடலாம். வருமானத்தைப் பிரித்துக்கொள்வதால் மட்டுமே கூட்டு வணிகம் ஆகிவிடாது என்று அதே சட்டமும் சொல்கிறது. ஆனால் உங்கள் 555 புத்தகம் அந்த வாதத்துக்கு இடம் கொடுக்காது என்று நினைக்கிறேன். அப்படியே நீதிமன்றம் கூட்டு வணிகம் இல்லை என்று சொன்னாலும், எட்டுப் பேர் காசில் வாங்கிய சாமான் எட்டுப் பேருக்கும் சொந்தம் என்பது மாறப்போவதில்லை.

தமிழில் பங்காளி என்றாலே சண்டைதான் ஞாபகம் வருகிறது. சட்டமும் அதே ஆட்களுக்காகத்தான் எழுதப்பட்டிருக்கிறது போலும். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூலதனத்திலும் லாபத்திலும் எல்லாருக்கும் சமபங்கு. கால வரையறை எதுவும் பேசிக்கொள்ளாவிட்டால், எந்தப் பங்காளியும் அறிவிப்புக் கொடுத்துவிட்டு விலகலாம். பாடகர் விலகியதைக் குறித்துத் துரோகம் என்ற சொல் உங்கள் கடிதத்தில் ஆறு இடத்தில் வருகிறது. ஆனால் சட்டப்படி அவர் செய்த தவறு விலகியது இல்லை. கணக்கு முடிக்காமல் சாமானை ஏற்றிப் போனதுதான் தவறு.

உங்கள் மச்சான் சொன்னதையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ஏழு பேருக்கு மேல் சேர்ந்தால் சங்கப் பதிவிலாகாவில் பதிய வேண்டும், இல்லாவிட்டால் சட்டவிரோதம் என்று பயமுறுத்தியிருக்கிறார். 1966ஆம் ஆண்டு சங்கச் சட்டம் ஏழு பேரையும் அதற்கு மேலும் கணக்கில் எடுக்கிறது, உண்மை. ஆனால் சட்டப்படியான தொழில் செய்து லாபம் பார்ப்பதற்காக மட்டுமே சேர்ந்தவர்களை அது விட்டுவிடுகிறது. நீங்கள் பதிய வேண்டிய இடம் எஸ்எஸ்எம் என்னும் மலேசிய நிறுவன ஆணையம். 1956ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டப்படி, தொழில் தொடங்கி 30 நாளுக்குள் பதிந்திருக்க வேண்டும். பதியாமல் தொழில் நடத்துவது குற்றம். வணிகப் பெயரில் பதிய ஆண்டுக்கு 60 வெள்ளி, ஒரு கூட்டு வணிகத்தில் 20 பேர் வரை இருக்கலாம். ஒரு நிகழ்ச்சிச் சாப்பாட்டுச் செலவை விடக் குறைவு. இத்தனை வருடம் விட்டுவிட்டீர்கள். அடுத்த முன்பணம் வாங்குவதற்கு முன்னால் செய்துவிடுங்கள். வருமான வரிக் கணக்கிலும் இந்தப் பணம் வர வேண்டும். கூட்டு வணிகத்துக்குத் தனிப் பாரம் இருக்கிறது.

கீபோர்டு, மிக்சர், கொஞ்சம் கணக்கு

கீபோர்டு யார் கார்டில் வாங்கப்பட்டது, யார் வீட்டில் இருக்கிறது என்பதெல்லாம் சாட்சியம்தான், முடிவு ஆகாது. யார் காசில், யாருக்காக வாங்கினார்கள் என்றுதான் கேட்பார்கள். குழுவுக்காக வாங்கினீர்கள். 6,000இல் 4,000 குழுவின் காசு. நீங்கள் கட்டிய 2,000 குழுவுக்கு நீங்கள் கொடுத்த கடன். கீபோர்டு உங்களுடையது இல்லை; குழு உங்களுக்கு 2,000 வெள்ளி தர வேண்டும். கேட்கக் கசப்பாக இருக்கும். ஆனால் அதே விதியால்தான் மிக்சரும் ஸ்பீக்கரும் பாடகருடையது இல்லை என்று உங்களால் சொல்ல முடிகிறது.

நீங்கள் எழுதிய பழைய சாமான் விலைகளையே வைத்துக்கொண்டு ஒரு தாளில் கணக்குப் போட்டேன். கீபோர்டு இன்றைக்கு விற்றால் 3,000. மிக்சரும் ஸ்பீக்கர்களும் 2,400. கையிலிருக்கும் பொதுப் பணம் 1,150. கூட்டினால் 6,550. உங்கள் கடன் 2,000 போக மிச்சம் 4,550. எட்டாக வகுத்தால் ஆளுக்கு 568 வெள்ளி 75 காசு. விலகிய இரண்டு பேருக்குச் சேர வேண்டியது 1,137.50. அவர்கள் ஏற்றிப் போனது 2,400. எனவே அவர்கள் குழுவுக்குத் திருப்ப வேண்டியது 1,262 வெள்ளி 50 காசு.

இந்த வருடக்கணக்கான நட்பு, ஏழு பக்கக் கடிதம், மனைவியோடு சண்டை, எல்லாமே இந்த 1,262.50க்குத்தான் என்றால் நீங்களே நம்ப மாட்டீர்கள். நானும் நம்பவில்லை.

பணத்தை வாங்க வழி உண்டு. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் 5,000 வெள்ளிக்கு மேற்படாத தொகைக்குச் சிறு கோரிக்கை வழக்கு என்று ஒன்று இருக்கிறது. படிவம் 198ஐ நிரப்பிப் பட்டர்வொர்த் நீதிமன்றத்திலேயே தாக்கல் செய்யலாம், வழக்கறிஞர் வைக்க முடியாது, நீங்களேதான் பேச வேண்டும். வழக்குத் தொடுப்பவர் தனிநபராக இருக்க வேண்டும். குழுவின் பெயரில் போட முடியாது. ஆனால் ஒரு சிக்கல். இது குறிப்பிட்ட ஒரு தொகையைக் கேட்பதற்கான வழி. "அந்தக் கணக்கே தப்பு, 2017இலிருந்து எல்லாக் கணக்கையும் பாருங்கள்" என்று பாடகர் சொல்லிவிட்டால், அது கூட்டு வணிகத்தைக் கலைத்துக் கணக்குத் தீர்க்கும் வழக்காக நீண்டுவிடும். அந்த வழக்குக்கு என்னைப் போன்ற ஒரு வழக்கறிஞருக்கு நீங்கள் கொடுக்கும் கட்டணம் கீபோர்டை விட அதிகம். அதனால் முதலில் உட்கார்ந்து ஒரு தொகையை ஒத்துக்கொண்டு, தாளில் எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். பிறகும் தராவிட்டால் அந்தத் தாளோடு சிறு கோரிக்கை வழக்குப் போவது சுலபம்.

தள்ளிப் போடவும் வேண்டாம். ஒப்பந்தக் கடனுக்குப் பொதுவாக ஆறு ஆண்டு காலக்கெடு. கணக்குத் தீர்க்கும் உரிமை குழு கலைந்த நாளிலிருந்துதான் என்று நாம் வாதாடலாம், ஆனால் 2020, 2021இல் நீங்கள் கட்டிய தவணைகளைப் பற்றி "காலம் கடந்துவிட்டது" என்று சொல்ல எதிராளிக்கு ஏன் இடம் கொடுக்க வேண்டும்?

அந்த 555 புத்தகத்தைப் பத்திரமாக வையுங்கள். உங்களிடம் உள்ள மிகச் சிறந்த ஆதாரம் அதுதான். இப்போது உட்கார்ந்து நல்ல கையெழுத்தில் புதிதாகப் படியெடுக்காதீர்கள். எண்ணெய்க் கறையும் அந்தப் பென்சில் எழுத்தும் உள்ள பழைய புத்தகத்தைத்தான் நம்புவார்கள். வாட்சாப் செய்திகளையும் அழிக்க வேண்டாம்.

போலீஸ் வேண்டாம், அந்தப் பதிவும் வேண்டாம்

திருட்டுக்குக் கெட்ட நோக்கம் வேண்டும். தனக்கும் பங்கு உண்டு என்று நம்பி ஒருவர் சாமானை எடுத்துப் போனால் அந்த நோக்கத்தை நிரூபிப்பது கஷ்டம். புகாரை எழுதி வாங்கிக்கொண்டு, இது சிவில் விவகாரம், நீதிமன்றத்துக்குப் போங்கள் என்று அனுப்பிவிடவே வாய்ப்பு அதிகம். பதிலுக்குப் பாடகர் கீபோர்டைக் காட்டி உங்கள் மேல் ஒரு புகார் கொடுப்பார். அப்புறம் இரண்டு பேருமே ஸ்டேஷன் பெஞ்சில்.

அதை விட அவசரமானது, குழுவின் ஃபேஸ்புக் பக்கத்தில் அவர் படத்தைப் போட்டு "திருடன், உஷார்" என்று நீங்கள் எழுதியது. இதைப் படித்து முடிப்பதற்குள் அதை எடுத்துவிடுங்கள். ஒருவரைக் குற்றவாளி என்று எழுதுவது அவதூறு வழக்குக்கு நேரடி அழைப்பு. உண்மையைத்தான் எழுதினேன் என்பது தற்காப்பு ஆகும், ஆனால் மேலே சொன்ன காரணத்தால் "திருடன்" என்பதை உங்களால் உண்மை என்று நிரூபிக்க முடியாது. இன்றைக்கு இந்த விவகாரத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அந்த ஒரு பதிவால்தான் அது கைமாறிப் போகும்.

பெயர்

பெயரை யோசித்துச் சொன்னது பாடகர் என்கிறீர்கள். அதற்கு நல்ல பெயர் தேடித் தந்தது எட்டுப் பேர். எனவே அதுவும் குழுவின் சொத்து. அவரும் தனியாக வைத்துக்கொள்ள முடியாது, நீங்களும் முடியாது. "நியூ" சேர்த்து, பழைய குழுவே வந்திருக்கிறது என்று வீட்டார் நம்பும்படி நடந்தால் தடுக்கச் சட்டத்தில் வழி உண்டு. எஸ்எஸ்எம்மில் பெயரை முந்திப் பதிந்துவிட்டால் போதும் என்று உங்கள் பேஸ் கிட்டார் நண்பர் சொன்னது தவறு. அது வணிகப் பதிவு. பெயருக்குப் பதிவு பெற்ற உரிமை வேண்டுமானால் 2019ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தின்படி மைஐபிஓ என்னும் அறிவுசார் சொத்துக் கழகத்தில் பதிய வேண்டும், அதையும் ஒருவர் கள்ளத்தனமாகச் செய்தால் மற்றவர் எதிர்க்கலாம்.

என் சொந்த அபிப்பிராயம், பெயரை விட்டுக்கொடுத்துவிடுங்கள். சும்மா இல்லை, கணக்கில் ஒரு விலையாக. பினாங்கில் யார் இசைக்குழுவின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்? கல்யாண வீட்டார் போனில் உங்கள் எண் "கீபோர்டு அண்ணன்" என்றுதான் இருக்கும். அந்த எண் உங்களிடம் இருக்கும்வரை நிகழ்ச்சிகள் உங்களுக்கு வரும்.

சினிமாப் பாட்டு வாசிப்பதைக் காட்டிக்கொடுப்பேன் என்று பாடகர் மிரட்டியதற்கு ஒரே வரி. பொது இடத்தில் பாட்டு வாசிக்க இசையமைப்பாளர்களின் உரிமைக்கான அனுமதி வேண்டும், மலேசியாவில் எம்ஏசிபி என்ற அமைப்பு அதைக் கொடுக்கிறது. மண்டபமோ ஏற்பாட்டாளரோ வாங்கியிருக்கிறார்களா என்று முன்பதிவின்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவரும் அதே பாட்டுகளைத்தான் பாடுகிறார், மிரட்டல் ரொம்ப நாள் நிற்காது.

இரண்டு கல்யாணங்கள்

இதுதான் எனக்கு உண்மையில் கவலை. முன்பணம் வாங்கியபோது எட்டுப் பேரும் கூட்டாளிகள். ஆகவே எட்டுப் பேரும் சேர்ந்து பொறுப்பு, விலகிப் போனவர்களும்தான். ஆனால் அந்த வீட்டாருக்குத் தெரிந்தது உங்கள் எண்ணும் உங்கள் வங்கிக் கணக்கும். நீங்கள் போகாவிட்டால் அவர்கள் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போவார்கள். மனுக் கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கோரலாம். 500 வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது வேறு குழுவைப் பிடிக்க அவர்களுக்கு ஆகும் கூடுதல் செலவையும் கேட்க முடியும்.

அந்த 1,000 வெள்ளியைப் பொதுப் பணத்தோடு கலக்காதீர்கள். என் கணக்கிலும் அதைச் சேர்க்கவில்லை. பாடகர் பங்கு கேட்டாலும், உங்கள் 2,000ஐக் கழித்துக்கொள்ளக் கை துறுதுறுத்தாலும் தொடக் கூடாது. அது இன்னும் உங்கள் பணம் ஆகவில்லை.

இப்போது அந்த மைக்.

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கடிதத்தில் பாடகரைப் பற்றி முதல் பக்கத்தில் வேறு மாதிரி எழுதியிருக்கிறீர்கள். கொரோனா காலத்தில் அவருக்கு வேலை போனது, வீட்டுக்கு வீடு நாசி லெமாக் கொண்டுபோய் விற்றார், உங்களிடம் வாரம் பத்துப் பொட்டலம் வாங்கச் சொன்னார், நீங்கள் வாங்கினீர்கள். அதே மாதங்களில்தான் நீங்கள் தவணை கட்டிக்கொண்டிருந்தீர்கள். அதைப் பற்றி அவரிடம் சொன்னீர்களா? மற்ற ஏழு பேரிடமும் சொன்னீர்களா? 555 புத்தகத்தில் அந்த எட்டுத் தவணையை நீங்கள் எழுதவே இல்லை. பேட்டரி 12 வெள்ளியை எழுதிய மனிதர் 2,000 வெள்ளியை எழுதவில்லை. பெருந்தன்மையாக விட்டுவிட்டீர்கள். ஆனால் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது; மண்டபம் சிரித்த அன்றைக்கு வட்டியோடு அதை வசூலிக்கக் கிளம்பிவிட்டீர்கள். பாடகருக்கோ அப்படி ஒரு கடன் இருப்பதே தெரியாது. அவருக்குத் தெரிந்தது, தன் குரல் ஊர் முன்னால் உடைந்தது மட்டும்.

அவர் மைக்கில் சொன்னது தப்பு. மகள் முன்னால் சொன்னது இன்னும் தப்பு. நீங்கள் ட்ரான்ஸ்போஸைப் பார்க்காமல் தொடங்கியதும் தப்புத்தான். மேல் ஸ்தாயியில் மாட்டிக்கொண்ட பாடகனின் பயம் என்னவென்று தபேலாக்காரனான எனக்கு ரொம்ப நாள் தெரியாது. எங்களுக்கு வாத்தியத்தின் பின்னால் ஒளிய இடம் இருக்கிறது. அவனுக்கு முகம்தான் வாத்தியம்.

மன்னிப்புக் கேளுங்கள் என்று உங்கள் இரண்டு பேரையும் சொல்லும் அதிகாரம் எனக்கு இல்லை. கணக்கு பேச உட்காரும்போது முதல் விஷயமாக அந்த எட்டுத் தவணையைச் சொல்லுங்கள். வங்கி அறிக்கையை அச்செடுத்துக் கொண்டு போங்கள். குரல் உயர்த்தாமல், "இதை நான் அப்போதே சொல்லியிருக்கணும்" என்று தொடங்குங்கள். நடுவில் உட்கார எட்டுப் பேருக்கும் பிடித்த ஒருவரைக் கூப்பிடுங்கள், உங்கள் மச்சான் வேண்டாம்.

அங்கே மூன்று முடிவில் ஒன்று வரும். திரும்பிச் சேரலாம், சேர்ந்தால் எஸ்எஸ்எம் பதிவும், யார் என்ன தருகிறார், விலகினால் என்ன ஆகும் என்று ஒரு பக்க ஒப்பந்தமும் அன்றைக்கே. சுமுகமாகப் பிரியலாம், அப்படியானால் மேலே போட்ட கணக்கு, பெயருக்கு ஒரு விலை, கையெழுத்து. அல்லது பேச்சு முறியலாம். முறிந்தால் உங்கள் கோரிக்கையை எழுத்தில் அனுப்பி 14 நாள் அவகாசம் கொடுங்கள், பிறகு ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள். கடிதத்தில் உள்ளதை மட்டும் வைத்து நான் சொல்வதற்கும், எல்லாத் தாளையும் பார்த்து ஒருவர் சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு.

மனைவி விஷயம். மாலை நாலு மணிக்குச் சாமான் ஏற்றி, இரவு ஒரு மணிக்கு இறக்கி, 150 வெள்ளி. ஒன்பது மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 17 வெள்ளி கூட வரவில்லை. இதைக் காசுக்காகச் செய்கிறேன் என்று அவரிடம் சொல்லாதீர்கள், அவர் உங்களை விட நன்றாகக் கணக்குப் போடுவார். ஆனால் அவர் நிறுத்தச் சொல்வது வாசிப்பையா, இரவு ஷிப்ட் முடிந்த கண்ணோடு நீங்கள் பாலத்தில் வண்டி ஓட்டுவதையா என்று கடிதத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை. கேட்டுப் பாருங்கள். இரவு ஷிப்ட் வாரத்தில் நிகழ்ச்சி ஒப்புக்கொள்வதில்லை என்று நீங்களாகவே ஒரு வார்த்தை கொடுத்தால் பாதிச் சண்டை தீரலாம். புக்கிட் மெர்தாஜாமில் நடந்ததும் நடந்திருக்காது.

நிறுத்துவதா என்பதை மட்டும் இந்தக் கோபத்தில் முடிவு செய்ய வேண்டாம். தண்ணீர்ப் பந்தலில் ஒரு பாட்டி குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கைதட்டி ஆடினார் என்று இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பத்தியில் ஒரு அடித்தல் கூட இல்லை.

இந்த வாரம் செய்ய வேண்டியது: இன்றைக்கு ஃபேஸ்புக் பதிவை எடுங்கள். நாளைக்குள் இரண்டு கல்யாண வீட்டாருக்கும் போன் செய்து, குழுவில் ஆள் மாற்றம் இருக்கிறது, யார் பாடுவார் என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் உறுதியாகச் சொல்கிறேன், உங்களுக்குச் சம்மதம் இல்லாவிட்டால் முன்பணம் முழுசாகத் திரும்பும் என்று சொல்லுங்கள். ஆறாம் பக்கத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒன்றும் இருக்கிறது: எட்டுப் பேர் வாட்சாப் குரூப்பை நீங்கள் இன்னும் கலைக்கவில்லை, அவரும் வெளியேறவில்லை. கூட்டத்துக்கான நாளையும் இடத்தையும் அதிலேயே போடுங்கள்.